பழைய சரக்கு வண்டிகளின் அலுமினியச் சக்கரங்களைப் புதுப்பிப்பது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலையோரத்திலும், கும்பகோணம், மயிலாடுதுறை நகரங்களின் வெளிப்புறங்களிலும் உள்ள டயர் கடைகளிலும் டிங்கரிங் பட்டறைகளிலும் பழைய அலாய் வீல்களை, அதாவது அலுமினியக் கலவைச் சக்கரங்களை, புதிதுபோல் ஆக்கித் தரும் வேலை இப்போது நன்றாகவே நடக்கிறது. நம் பகுதியின் பெரிய லாரிகள் இன்றும் பெரும்பாலும் இரும்பு டிஸ்க்கில்தான் ஓடுகின்றன. ஆனால், பெருநகரங்களில் பல ஆண்டுகள் ஓடிய அலாய் வீல் பிக்கப் வண்டிகளை செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்து, மீனும் உரமும் வாழைத்தாரும் ஏற்றுகிறவர்கள் டெல்டாவில் பெருகிவிட்டார்கள். வண்டியோடு கூடவே வந்து சேரும் மங்கிப்போன, பொரிந்துபோன சக்கரங்களை என்ன செய்வது என்பதில் பட்டறைகளும் வண்டிக்காரர்களும் கடைப்பிடிக்கும் முறை சரியில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அலுமினியச் சக்கரத்தைப் புதுப்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல நிலையிலுள்ள சக்கரத்தைச் செப்பனிட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது வீண். என் ஆட்சேபமெல்லாம் வேலையின் வரிசையைப் பற்றியது. முதலில் மெருகு, பிறகு பெயிண்ட், விரிசல் இருக்கிறதா என்ற கேள்வியோ கடைசிவரை எழுவதே இல்லை. ஒரு டன்னுக்கு மேல் பாரம் சுமக்கும் வண்டியில் இந்த வரிசை ஆபத்தானது.

நம் பகுதியில் இந்தச் சக்கரங்கள் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் படலம்தான் அதற்குக் காப்பு. குளோரைடு, அதாவது உப்பு, அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துக் குழி விழச் செய்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றிவரும் வண்டியில் ஐஸ் உருகிய உப்புநீர் வழிநெடுகப் பின்சக்கரத்தின்மேல் சொட்டுகிறது. வேதாரண்யத்து உப்பு ஏற்றும் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலர் கவனிக்காத ஒன்று, நாம் வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் குளோரைடுதான். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து சக்கரத்தில் ஓடினால் விளைவு கடல்நீர் பட்டதற்குச் சமம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கடல்நீரில் நின்ற வண்டிகளில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கக்கூடும். வாங்குகிறவர்கள் சக்கரத்தின் உட்புறத்தையும் பார்த்து வாங்குவது நல்லது.

சக்கரம் மாட்டப்படும் இரும்பு ஹப்பும் அலுமினியச் சக்கரமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி வினை நடந்து அலுமினியம்தான் அரிக்கப்படும். வெள்ளைத் தூளாக வெளிவரும் அந்த அரிமானம் சக்கரத்தை ஹப்போடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. பஞ்சர் கடையில் அதைக் கழற்றச் சம்மட்டியால் அடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். புதுப்பிக்க வரும் சக்கரங்களில் காணப்படும் விரிசல்களில் சில சாலையில் விழுந்தவை அல்ல, இப்படி அடித்ததால் விழுந்தவை என்பது என் சந்தேகம். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மரக்கட்டையை வைத்துத் தட்டினால் போதும். அதற்குப் பொறுமைதான் இருப்பதில்லை.

அடுத்தது ஆசிட் விவகாரம். பெரும்பாலான அலாய் வீல்களின்மேல் தொழிற்சாலையிலேயே நிறமற்ற கிளியர் கோட் பூசப்பட்டிருக்கும். கல்பட்டோ நடைபாதை விளிம்பில் உரசியோ அது பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து, பூச்சின் அடியிலேயே புழு நெளிந்ததுபோல அரிமானம் கோடுகோடாகப் பரவுகிறது. அந்தப் பூச்சை முழுவதும் நீக்காமல் மேலே எவ்வளவு பாலீஷ் தேய்த்தாலும் பயனில்லை. இதை அறிந்த பட்டறைகளிலும், நீக்கும் வழி காஸ்டிக் சோடாத் தொட்டியாகவோ, கழிப்பறை கழுவும் ஆசிட்டாகவோ இருக்கிறது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். கரைக்கும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அப்படியே. போதாததற்கு, அது நுண்துளைகளில் விட்டுச்செல்லும் குளோரைடு, புதுப் பூச்சுக்கு அடியிலிருந்தே அரிமானத்தை மறுபடி தொடங்கிவைக்கும். சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. அது தோலில் பட்ட உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம்; சில மணி நேரம் கழித்து உள்ளே திசுவை அழித்திருப்பது தெரியவரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதைத் தொழிலாளர் நலத் துறை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் பெயிண்ட் ரிமூவரைக் கொண்டு பூச்சை எடுத்து, சோப்பு நீரால் நன்றாகக் கழுவிவிட்டால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை.

தேய்க்கும் வேலையில் நம் ஊர்க்காரர்களுக்குக் குறை சொல்ல முடியாது. கும்பகோணத்துப் பாத்திரங்களுக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளுக்கும் மெருகு ஏற்றிய கைகள் இங்கே இருக்கின்றன. குழி ஆழமாக உள்ள இடத்தில் மட்டும் 220-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, பிறகு 400, 600, 800, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் படிப்படியாகப் போக வேண்டும். ஒரு தாளின் கீறல்களை அடுத்த தாள் முழுவதும் அழித்த பிறகே அதற்கடுத்ததை எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், பித்தளைக்கும் இரும்புக்கும் பயன்படுத்திய மெருகேற்றும் அதே பஃபிங் துணிச் சக்கரத்தை அலுமினியத்துக்கும் பயன்படுத்துவது தவறு. அதில் சிக்கியிருக்கும் பித்தளை, இரும்புத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு புதிய அரிமானப் புள்ளியாகிவிடும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் இதே கேட்டைச் செய்யும். தவிர, அலுமினியத் தூசி எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. இரும்புத் துருவோடு கலந்த அலுமினியத் தூசியில் கிரைண்டர் பொறி விழுந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முயல்வது இன்னும் மோசம். உலர்ந்த மணல்தான் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்திருக்க வேண்டிய சோதனைக்கு வருகிறேன். டயரைக் கழற்றி, சக்கரத்தைக் கழுவித் துடைத்த பிறகு, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும். கிளீனர், சாயம், டெவலப்பர் என மூன்று ஸ்ப்ரே டப்பாக்களும் வெல்டிங் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. போல்ட் துளைகளைச் சுற்றியும், ஆரங்கள் நடுப்பகுதியோடு சேரும் இடத்திலும், வால்வுத் துளையிலும், யாரும் குனிந்து பார்க்காத உள்விளிம்பிலும் இதைச் செய்ய வேண்டும். மெருகேற்றிய பிறகு செய்தால் சரியாக இராது. பஃபிங் செய்யும்போது மென்மையான அலுமினியம் நசுங்கி விரிசலின் வாயையே மூடிவிடும்.

விரிசல் தெரிந்தால் ஆர்கான் வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்பது பட்டறைகளில் பரவலாக உள்ள நம்பிக்கை. வார்ப்புச் சக்கரத்துக்கு அதன் பலம் உலோகக் கலவையால் மட்டும் வருவதில்லை. தொழிற்சாலையில் ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, நீரில் சட்டென்று குளிரவைத்து, மீண்டும் 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துத்தான் அந்தப் பலத்தை ஏற்றுகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பலம் போய்விடுகிறது. விரிசல் மூடியதுபோல் தெரிந்தாலும், அடுத்த விரிசல் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே வரும். வளைந்த விளிம்பை கேஸ் விளக்கால் சூடேற்றித் தட்டி நிமிர்த்துவதும் அப்படித்தான். அலுமினியச் சக்கரம் தயாரிக்கும் நிறுவனங்களின் பராமரிப்புக் கையேடுகளே வெல்டிங்கையும் சூடேற்றுவதையும் தடை செய்கின்றன. தூள் பெயிண்டைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் அடுப்பின் 180 முதல் 200 டிகிரி வெப்பம்கூடக் குறித்த நிமிடங்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. லேத்தில் கடைந்து பளபளப்பு வரவைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் சிறிது உலோகத்தைச் சீவி எடுக்கிறார்கள் என்பதால், முன்பே கடையப்பட்ட சக்கரத்தைக் கடைய மறுப்பதுதான் யோக்கியமான பட்டறைக்கு அழகு.

பூச்சு பூசுகிறவர்களுக்கு ஒரு சொல். ஹப்போடு ஒட்டும் முகத்திலும், நட் உட்காரும் குழியிலும் பெயிண்ட் இருக்கக் கூடாது. அங்கே பூசிய பெயிண்ட் ஓட்டத்தில் நசுங்கித் தேய்ந்து, நட்டின் இறுக்கம் குறைந்துவிடும். அந்த இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். சக்கரத்தை மாட்டும்போது வீல் ஸ்பேனரில் ஏறி நின்று மிதிக்காமல், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கத்துக்காக வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் பட்டறை அபூர்வம்.

விரிசல் விட்ட சக்கரத்தைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதில் நட்டமொன்றும் இல்லை. அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்துவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் தேவைப்படுகிறது. அதனால் அதற்கு எப்போதும் விலை உண்டு. ஆனால் முழுச் சக்கரமாகப் போடாமல், உடைத்தோ அறுத்தோ போட வேண்டும். இல்லையேல் அது வெல்டிங்கும் பெயிண்டும் பூசிக்கொண்டு வேறொருவர் வண்டிக்குத் திரும்பிவிடும்.

எட்டு ஆண்டுகள் கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்கான சோதனை, காட்ட வேண்டும் என்பது விதி. அந்தச் சோதனையின்போது டயரின் தேய்மானத்தோடு நிறுத்தாமல், அலாய் வீல் உள்ள வண்டிகளில் சக்கரத்தின் உட்புறத்தையும், வெல்டிங் தடயம் இருக்கிறதா என்பதையும் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும். தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், பட்டறைக்காரர்களுக்கு விரிசல் சோதனையை ஒரு நாள் செயல்முறைப் பயிற்சியாக நடத்தலாம். மூன்று டப்பா ஸ்ப்ரேயும் சில பழைய சக்கரங்களும் இருந்தால் போதும். குறுவை அறுவடை தொடங்கி, நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையங்களுக்கு நகரும் முன்பாக அதை நடத்தினால், பாரம் அதிகமாக ஏறும் மாதங்களுக்கு முன்பே வண்டிகளைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர் ஒருவர்,
திருவாரூர்.