சின்ன வகுப்புல பாட்டும் தாளமும் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலைல தரம் 2 படிப்பிக்கிறேன். கணக்கு வாய்ப்பாட்ட கைதட்டி ராகமா சொன்னா வாயே திறக்காத பிள்ளையும் சேர்ந்து சொல்லுது, தாளத்துக்கு சொல்லு துண்டு துண்டா பிரியுறதால வாசிக்கிறதும் லேசாகுது, சிங்களச் சொல்லுகூட பாட்டுல போட்டா மனசுல நிக்குது. இதுக்கு ஓர்கன் எல்லாம் வேணாங்க, சிரட்டையும் தகர டின்னும் போதும். மாசி மாசம் காமன் கூத்துக்கு தப்பு மேளம் அடிக்கிறவங்க நம்ம லயத்து வீடுகள்லயே இருக்காங்களே, அவங்கள ஒருநாள் வகுப்புக்கு கூப்பிடலாமே, பிள்ளைக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்! ஆனா தரம் 5 ஸ்கொலர்ஷிப் பரீட்சைய காட்டி தரம் 3லயே பாட்ட நிப்பாட்டிட்டு பேப்பர் செய்ய வைக்கிறாங்க, தயவுசெஞ்சு அந்த நேரத்த பிள்ளைங்ககிட்ட இருந்து பறிக்காதீங்க, அதிபர்மாரும் பெற்றோரும் இத கட்டாயம் யோசிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஆசிரியை, ஹட்டன்