பேத்தி கேட்ட கேள்விக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பிசானத்துக்கு நாற்றுப் பாவியாச்சு, இனி பாபநாசம் அணை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேத்தி ஐகோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அங்கே வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் முத்துசாமி அய்யர் சிலையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பழமைவாதிக்கு எதுக்குத் தாத்தா இவ்வளவு மரியாதை?" என்று கேட்டாளாமே. கெட்டிக்காரி. நீங்கள் என் பக்கம் தள்ளிவிட்டதால் எழுதுகிறேன்.

1832-ல் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர். பரம ஏழை. ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் மாசம் ஒரு ரூபாய்க்கு எடுபிடி வேலை. திருவாரூர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் ஒருநாள் ஆற்றங்கரை உடைப்பைப் பற்றி விசாரித்து வரச் சொல்ல, பையன் நேரிலேயே போய்ப் பார்த்து, பிசகில்லாமல் விவரம் சொன்னான். நாயக்கர் அசந்துபோய்ப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினார். (கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுகிற சாட்சியை நம் சர்வீஸில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?) அப்புறம் முன்சீப்பாகி, சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாகி, 1893-ல் கொஞ்ச காலம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அவரை நியமித்ததற்கு வெள்ளைக்காரப் பத்திரிகைகள் குதித்தன. பதில் சொல்லத் திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் 1878-ல் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் 'தி இந்து'.

பேத்தி சொல்லும் பழமை மலபார் விஷயத்தில் தெரியும். அங்கே மருமக்கள்வழி, அதாவது சொத்து பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாமல் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் வழக்கம். அந்தக் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழும் 'சம்பந்தம்' என்ற உறவைச் சட்டம் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கல்யாணமாக ஏற்கச் சொல்லி வக்கீல் சங்கரன் நாயர் 1890-ல் மசோதா கொண்டுவந்தார். 1891-ல் போட்ட கமிஷனுக்கு முத்துசாமி அய்யர் தலைவர். மற்றவர்கள் சட்டம் வேண்டும் என்றபோது தலைவரே மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். வழக்கத்துக்கு முன்னால் சட்டம் ஓட வேண்டாம் என்பது அவர் கட்சி. 1895-ல் அவர் போய்ச் சேர்ந்தார், மறுவருஷம் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்கள் சொற்பம். ஜனங்களின் மனசு அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை அண்ணாச்சி. காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவைப் பெற்ற ஆச்சி நாஞ்சில்நாட்டுத் தாழக்குடிக்காரி, அங்கேயும் வேளாளருக்கு மருமக்கள்வழிதான். அவளுடைய அப்பா கண்ணை மூடியதும், அண்ணன்மார் உழுது பயிரிட்ட வயலில் அத்தை மகன்கள் வந்து வரப்பை அளந்தார்கள். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். ஆச்சி இதைச் சொல்லும்போது அழமாட்டாள், வெற்றிலையை மட்டும் வேகமாகக் கிழிப்பாள். திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926-ல்தான் வந்தது. அதற்குள் ஆச்சியின் அண்ணன்மார், அம்மாவுக்கு மாமன்மார், அடுத்தவன் வயலில் விளைச்சலில் பங்கு அளக்கும் வாரத்துக்கு உழ ஆரம்பித்திருந்தார்கள். வழக்கம் தானாக மாறட்டும் என்று பொறுத்திருப்பது நீதிபதிக்குச் சுலபம். அந்தக் காலத்துக்கான வாரத்தை அளந்தது மாமன்மார்தானே.

பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள். சிலை இருக்கட்டும், அந்தப் பையன் உடைப்பைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதற்காகவே இருக்கலாம். அந்தத் தனிக் குறிப்பையும் லைப்ரரியில் தேடிப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரட்டும். தைப்பூசத்துக்கு வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். ஆச்சி வீட்டுப் பழைய பத்திரங்கள் பரணில் கிடக்கின்றன, எடுத்துத் தட்டி வைக்கிறேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் தம்பி