சாளை கடலில் இருக்கட்டும்

பலேர்மோ
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது. இன்றைக்கும் சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்தே ஏறினார். நேற்று உனக்கு ஒரு பார்சல் போட்டேன். மிளகாய்த்தூள், சித்தி பாரிஸிலிருந்து அனுப்பிய பனங்கிழங்கு ஒடியல் மா, அப்புறம் நம்முடைய சிஞ்ஞோரா அம்மாவின் மகள் தந்த எஸ்ட்ராத்தோ, அதுதான் அந்தக் கெட்டித் தக்காளி விழுது, ஒரு போத்தல். கிடைத்தவுடன் ஒரு வரியாவது எழுதிப் போடு. போன வாரம் அனுப்பிய செய்திக்கே இன்னும் பதில் இல்லை. வேலை கூட என்பாய். சரி.

வேளைக்குச் சாப்பிடு. வெறும் பாஸ்தாவை அவித்து எண்ணெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதே. ஒரு பிடி பருப்பு, இல்லையென்றால் கடலை, ஏதாவது சேர்த்துக்கொள். செலவும் இல்லை, உடம்புக்கும் நல்லது.

அன்று வீடியோவில் கதைத்தபோது அடுப்பில் இருந்த சட்டி எனக்குத் தெரிந்தது. நீ உடனே போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாய். உள்ளி இரண்டு பல்லு, எண்ணெய், பாஸ்தா, அவ்வளவுதானே? அதை ஏன் மகன் என்னிடம் மறைக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி அது. நான் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் சட்டியை மறைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

சிஞ்ஞோராவை நினைத்துப் பார். 1943இல் இந்த ஊரில் குண்டு விழுந்தபோது அவர் சின்னப் பிள்ளை. பாஸ்தா இருந்தால் மேலே தூவச் சீஸ் இருக்காது, சீஸ் காசுள்ளவர்களுக்கு. இவர்கள் வீட்டில் காய்ந்த பாணைத் துருவி வறுத்துத் தூவுவார்கள். எனக்கு அதைப் பக்கத்தில் நின்று பழக்கினார். தாச்சியில் எண்ணெய் ஒரு சொட்டுத்தான், அகப்பையைக் கையை விட்டு எடுக்கக் கூடாது. தூள் பொன்னிறமாகத் தொடங்கியதும் இறக்கி வேறு கோப்பைக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுத் தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டுக்கே கருகிவிடும். நெத்தலியைக் கரைத்து, எஸ்ட்ராத்தோ, உலர்ந்த திராட்சை, பைன் கொட்டை போட்டு, மேலே இந்தத் தூளைத் தூவினால் நீ சின்னனில் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாயே, அந்தப் பாஸ்தா. இப்போது மாசிமோ அரங்குப் பக்கத்து உணவகங்களில் பெரிய விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

மீன் வாங்கக் காசில்லாத நாளில் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையை மட்டும் அவித்துப் போட்டுச் செய்வார்களாம். அதற்குப் பெயரே ‘சாளை கடலில் இருக்கும் பாஸ்தா’. சிஞ்ஞோரா அதைச் சொல்லும்போது ஒருநாளும் குரலைத் தாழ்த்தியதில்லை. டாக்டர் மருமகனுக்கு முன்னாலும் அப்படியேதான் சொல்லுவார்.

நம்முடைய அம்மம்மா அப்படி இல்லை. ஊரில் போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒடியல் பிட்டுச் சாப்பிட்டதை அயலில் சொல்லமாட்டார். யாரும் கேட்டால் சோறும் கறியும் என்பார். அதே ஒடியல் மாவைத்தான் இன்றைக்கு பாரிஸ் லா ஷப்பேல் கடையில் பொதி கட்டி விற்கிறார்கள், சித்தி ஆசையோடு வாங்கி அனுப்புகிறாள். (ஊறவைத்துக் கசப்பு நீரைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் செய், மறந்துவிடாதே.) அம்மம்மாவின் அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது?

நீ அப்படிப்பட்ட பிள்ளையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கையால் சாப்பிட்டதற்குச் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்த அன்று, சிஞ்ஞோரா அந்தப் பழைய நாப்போலி அஞ்சலட்டைகளை எடுத்துக் காட்டினார். தெருவில் நின்றுகொண்டு, மக்கறோனியைக் கையால் தலைக்கு மேல் தூக்கி வாய்க்குள் விடுகிற ஏழைகளின் படங்கள். வெளிநாட்டார் அதைக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்களாம். நீ மறுநாளே ஒரு அட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய். பாஸ்தா மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தது என்று யாரோ சொன்னதற்கு, அவர் திரும்பி வந்ததே 1295இல், அதற்கு முன்பே 1154இல் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எங்கள் சிசிலி மன்னர் ரொஜெருக்கு எழுதிய நூலில் இங்கே பக்கத்துத் திராபியாவில் பாஸ்தா செய்து கப்பலில் கலாப்ரியாவுக்கு அனுப்பியது இருக்கிறது என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னாயே. ‘எங்கள் மன்னர்’ என்று சொன்னாயாம். உன் ஆசிரியை என்னை வீதியில் மறித்துச் சொன்னார். அந்த முறை திராபியாக் கடற்கரைக்குப் போன பஸ்ஸில் அப்பா அதைப் பக்கத்தில் இருந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மிலானில் உன்னோடு இருப்பவர்கள் பொலென்டா, அந்த மக்காச்சோளக் களி, சாப்பிடுவார்கள்தானே. அதுவும் ஒரு காலத்து ஏழைச் சாப்பாடுதான். 19ஆம் நூற்றாண்டில் லொம்பார்தியாவிலும் வெனெத்தோவிலும் வேறொன்றும் இல்லாமல் அந்த மக்காச்சோள மாவை மட்டுமே சாப்பிட்டவர்களுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் உரிந்து, புத்தி பேதலித்து, எத்தனையோ பேர் போனார்கள். சோளத்தில் பிழை இல்லை, அதை மட்டுமே சாப்பிட்டதுதான் பிழை. அதனால்தான் பருப்பைச் சேர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பருப்பும் பாஸ்தாவும் இங்கே காலங்காலமாகச் சேர்த்துச் சமைப்பதுதான். நம்முடைய பேணி நினைவிருக்கிறதா? பைக்கற்றின் அடியில் மிஞ்சுகிற பாஸ்தா உடைசல் எல்லாம் அதற்குள் விழும், வெள்ளிக்கிழமை பருப்போடு வேகும். நாப்போலியிலும் கடைக்காரர் பெட்டியின் அடியில் கிடந்த கலவையை ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள். இப்போது அதையே கலந்து பொதி கட்டி நல்ல விலைக்கு விற்கிறார்கள். நீ வாங்காதே, நானே ஒரு பை கட்டி அனுப்புகிறேன்.

நீ வேலைக்குப் போட இஸ்திரி போட்ட சேட்டுகள் கதவில் வரிசையாகத் தொங்கியதையும் அன்று பார்த்தேன். வடிவாக இருந்தன. கொம்பனிகளும் ஒரு காலம் போல இராது, இங்கேயும் எத்தனையோ பேரை நிறுத்துகிறார்கள். கீழ் வீட்டு அக்காவின் மகன் இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேறு இடம் போகிறான். ஒருவரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அக்கா வழக்கம்போல அவனுக்குச் சோறு போட்டார், அவன் சாப்பிட்டான்.

மார்ச் 19 சான் ஜுசெப்பே திருநாள். காட்டுப் பெருஞ்சீரகம் இப்போதே பல்லரோச் சந்தைக்கு வந்துவிட்டது. அன்றைக்குச் சாளை வாங்கியே செய்வேன். இரவு ரயிலில் ஏறினால் மெஸ்ஸீனா நீரிணையில் ரயிலையே கப்பலுக்குள் ஏற்றி இங்கே கொண்டுவந்து விடும், இறங்கி மாறத் தேவையில்லை. டிக்கட்டை அப்பா எடுப்பார். திரும்பிப் போகும் நாளை இப்போது முடிவு செய்ய வேண்டாம்.

உன் அறை வாடகை மாதம் எத்தனையாம் தேதி கட்ட வேண்டும் என்று அப்பா கேட்கிறார். நாளைக்குள் எழுது. கதைக்க விருப்பமில்லை என்றால் தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா