இன்னும் 27 அடி: நம் தொடக்கப் பள்ளியின் தடுப்புச் சுவருக்கு நன்கொடை வேண்டுகோள்

ஹெத்தையம்மன் துணை

உள்ளூரிலும் கோவை, பெங்களூரு, சென்னையிலும் இருக்கும் நம் ஹட்டிச் (படகர் ஊர்) சொந்தங்களுக்கும், இந்தப் பள்ளியில் படித்துப் போன அத்தனை பேருக்கும் எங்கள் வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊர்ப் பெரியவர்களும் கேட்டுக்கொண்டபடி, தலைமையாசிரியையாகிய நான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் சரிந்த தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்ட மதிப்பீடு 15,60,000 ரூபாய். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். நம் பங்கு 5,20,000 ரூபாய். இன்றுவரை சேர்ந்தது 3,41,750. பாக்கி 1,78,250. ஜனவரி 31-க்குள் இதைக் கட்டி ரசீது வாங்கினால்தான் இந்த நிதியாண்டிலேயே வேலை தொடங்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு மறுபடியும் மனு, மறுபடியும் மதிப்பீடு. அதற்குள் இரண்டு மழைக்காலம் வந்து போய்விடும்.

அன்று இரவு நடந்தது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் விடியற்காலை சத்துணவுச் சமையலர் அக்கா வந்து பார்த்தபோது, பள்ளிக்குப் பின்னால் இருந்த கல்கட்டில் பாதிக்கு மேல் இல்லை. மண்ணும் கல்லுமாக இறங்கி இரண்டாவது வகுப்பறையின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. சன்னல் வழியாகச் சேறு உள்ளே வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பாய்மேல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. விடுமுறை அறிவித்திருந்த நாள். பிள்ளைகள் யாரும் இல்லை. ஹெத்தைத் தாய் காப்பாற்றினாள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொறியாளர் வந்து பார்த்தார். சுவர் பழசானதால் மட்டும் விழவில்லை என்றார். நம் தாத்தாமார் கலவையில்லாமல் அடுக்கிய கல்கட்டு அது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்து வழியாக மழைத்தண்ணீர் தானாக வெளியேறும். இடையில் யாரோ நல்ல எண்ணத்தில் முன்பக்கம் முழுக்க சிமென்ட் பூசிவிட்டார்கள். தண்ணீருக்கு வழி அடைபட்டது. பின்னால் ஊறிய செம்மண்ணின் கனமும் தேங்கிய தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரை முன்னால் தள்ளிவிட்டன. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று மலை முழுக்கச் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த 2009 நவம்பர் மழையில்கூட நின்ற சுவர் இது. பூச்சுக்குப் பிறகு நிற்கவில்லை.

அதனால் புதுச் சுவரில் வரிசை வரிசையாகக் கசிவுத் துளை வைக்க வேண்டும், பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும், மேல்பக்கம் வடிகால் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்ப வேண்டும். 78 அடி நீளம், 14 அடி உயரம். “இவ்வளவு ஆகுமா?” என்று சிலர் கேட்டீர்கள். ஆகும். சிமென்டும் எம்-சாண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலை ஏறி வர வேண்டும். பொக்லைன் இறக்க ஆட்சியர் அனுமதி வேண்டும், அது கிடைத்தாலும் நம் பள்ளிச் சந்தில் வண்டி நுழையாது. மண் முழுவதையும் ஆள் வைத்தே அள்ள வேண்டும். லாரி ஊர்ப் பொதுவெளியான மந்தையோடு நின்றுவிடும், அங்கிருந்து தலைச்சுமைதான்.

ஓர் அடிச் சுவருக்கு 20,000 ரூபாய். அதில் நம் பங்கு 6,667. இந்தக் கணக்கை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டார்கள். முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து 78 கட்டம் வரைந்து, பணம் சேரச் சேர ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கல் வைத்துக்கொண்டு வருகிறார்கள். 51 கல் வைத்தாகிவிட்டது. 27 கட்டம் காலியாகக் கிடக்கிறது.

பெரியவர்கள் பள்ளியின் பழைய கதையைக் கட்டாயம் எழுத வேண்டும், சுருக்கி எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன்.

பள்ளி இருக்கும் இடம் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு மேடு. தேயிலை வருவதற்கு முன்னால் இந்த ஊரின் வாழ்வே கிழங்கில்தான் இருந்தது. விளைந்ததை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோய்ச் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த காலம். 1935-இல் படகர் தலைவர் எச்.பி. ஆரி கவுடர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கியபோது நம் ஊர் ஆட்களும் பங்கு எடுத்தார்கள் என்று தாத்தாமார் பெருமையாகச் சொல்வார்கள். தனித்தனியாகப் போனால் மண்டிக்காரர் முன் கைகட்டி நிற்க வேண்டும், சேர்ந்து போனால் விலை கேட்கலாம் என்ற பாடத்தை அங்கேதான் கற்றார்களாம். அந்தப் பழக்கத்தில்தான் மூட்டைக்கு ஓரணா என்று ஊருக்குள் எடுத்து வைத்து, அதில் பள்ளி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்தும் ஓரணா வந்தது.

நிலம் கொடுத்த குடும்பம் பெயர்ப்பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றும் பலகை இல்லை. முதல் வாத்தியார் சமவெளியிலிருந்து வந்தவர். குளிர் தாங்காமல் ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவார் என்று பயந்து, ஊரில் ஒரு வீடு கம்பளி கொடுத்தது, ஒரு வீடு விறகு கொடுத்தது, சாப்பாடு முறைவைத்து வந்தது. அவர் போகவில்லை. கல்லை ஓடையிலிருந்து ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று கைமாற்றி ஏற்றினார்கள். அந்தக் கல்தான் இப்போது சேற்றில் புதைந்து கிடக்கிறது. ஒன்றையும் வீணாக்க மாட்டோம், கழுவிப் புதுச் சுவருக்கே கொடுப்போம்.

1964-இல் ஆன சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் நம் பள்ளி வாசலுக்கு வந்தபோது, வேண்டாம் என்று சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள். இதை மறைக்கக் கூடாது என்று பெரியவர்களே சொன்னார்கள். அன்றைய ஊர்த் தலைவரான கவுடர் ஒரே வார்த்தையில் முடித்தாராம்: “படிக்க வந்த பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை.” அப்படிச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் பிற்பாடு செவிலியராகி, ஓய்வு பெற்றுத் திருப்பூரில் இருக்கிறார். இந்தச் சுவருக்கு வந்த முதல் பணம் அவருடைய 10,000 ரூபாய்.

இப்போது பள்ளியைப் பற்றி. 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். சேறு புகுந்த வகுப்பறையைப் பூட்டிவிட்டதால் முதல் மூன்று வகுப்புகள் ஓர் அறையிலும், நான்கும் ஐந்தும் சமுதாயக் கூடத்திலும் நடக்கின்றன. கூடத்தில் கல்யாணமோ காரியமோ வந்தால் எல்லோரும் ஒரே அறைக்குள். அன்று ஒரு பக்கம் ‘எண்ணும் எழுத்தும்’ அட்டைகளும் இன்னொரு பக்கம் பின்னக் கணக்குமாக என் தொண்டை கட்டிவிடும். ஆனாலும் வருகை குறையவில்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். சுய உதவிக் குழு அக்காமார் பனியில் வந்து அடுப்பு மூட்டிச் சுடச்சுடக் கிச்சடி இறக்குகிறார்கள். தோட்ட வேலைக்கு ஆறரைக்கே கிளம்பும் தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைத் தினமும் பார்க்கிறேன். பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்த தவிட்டுப்பழச் செடிகள் மண்ணோடு போயின. பதினொன்றை மீட்டுத் தொட்டியில் வைத்திருக்கிறோம்.

புரட்டாசியில் கரடி வந்து சத்துணவுக் கூடக் கதவைப் பெயர்த்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன்பின் கலைத் திருவிழாவில் கதை சொல்லும் போட்டிக்கு நம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி போனாள். அவள் அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் தண்ணீர் கேட்கக்கூடத் தமிழ் தெரியாமல் கையால் காட்டியவள். மேடையில் ஏறி, கதவை உடைத்த கரடியின் கதையைக் கரடியே சொல்வது போலத் தமிழில் சொன்னாள். நடுநடுவே ஹட்டிப் பிள்ளைகளிடம் கற்ற படகர் மொழி வார்த்தைகளும் வந்து விழுந்தன. இரண்டாம் பரிசு. அன்று நான் அழுததைப் பிள்ளைகள் இன்னும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் கசப்பான ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. 43 பிள்ளைகளில் நம் ஹட்டிப் பிள்ளைகள் 9 பேர். 15 பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வழியில் வந்தவர்கள். 19 பேர் வடக்கிலிருந்து வந்து தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் குடும்பத்தினர். நன்கொடை கேட்டுப் போனபோது சில வீடுகளில் கதவருகே நின்றபடியே எங்களுக்குக் கிடைத்த பதில்: “எங்க பேரன் வேனில் டவுன் பள்ளிக்குப் போறான். அங்கே படிக்கிறது யார் பிள்ளைங்க?”

வேனில் அனுப்புவதை நான் குறை சொல்லமாட்டேன். எந்தத் தாய்க்கும் தன் பிள்ளையைப் பற்றி ஒரு கனவு உண்டு. ஆனால் அந்த வேனுக்குக் கட்டணம் கட்டும் சம்பளம் எங்கிருந்து வந்தது? அந்த வீட்டுத் தகப்பன் அகரம் எழுதியது இந்த மேட்டில்தான். மூட்டைக்கு ஓரணா கொடுத்தவர்கள் யார் பிள்ளை படிக்கும் என்று கேட்டுக் கொடுத்திருந்தால், நம்மில் பாதிப் பேர் இன்றும் மண்டிக்காரர் முன்னால்தான் நின்றுகொண்டிருப்போம். இதைப் பெரியவர்கள் என்னைவிடக் கடுமையான வார்த்தையில் சொன்னார்கள். நான் குறைத்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் குறைக்காமல் சொல்கிறேன். அந்த 19 பிள்ளைகளின் பெற்றோரும் ஆளுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. சம்பளத்தன்று மாலை, கொழுந்துக் கறை போகாத கையோடு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் இதே ஊரில் இருப்போமா என்று தெரியாதவர்கள் கொடுத்துவிட்டார்கள். இங்கே பட்டா உள்ளவர்கள் பட்டியலில் இன்னும் பல பெயர்களுக்கு எதிரே வெற்றிடம் இருக்கிறது. ஹெத்தை என்றால் நமக்கெல்லாம் பாட்டி. ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி, வெறுங்காலோடு நடந்து போய் அவள் முன்னால் காணிக்கை வைக்கிறோம். அந்தப் பாட்டியின் வீட்டுப் பின்சுவர் விழுந்து கிடந்தால் பேரப்பிள்ளைகள் சும்மா இருப்போமா?

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. கொழுந்து விலை சரிந்திருக்கும் இந்த நேரத்திலும் ஒரு நாள் கொழுந்துப் பணத்தை முழுதாகக் கொடுத்த 34 சிறு விவசாயக் குடும்பங்களுக்கு நன்றி. தன் கறவை மாட்டின் ஒரு மாதப் பால் பணத்தைக் கொடுத்த கீழ்வீட்டு அம்மாவுக்கு நன்றி. மகன் கல்யாணத்தில் மாலை மரியாதையைக் குறைத்து 25,000 கொடுத்த குடும்பத்துக்கு நன்றி. கரடி உடைத்த இடத்தில் இரும்புக் கதவு போட்டு 31,500 ரூபாயையும் தாமே ஏற்றுக்கொண்டு, பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்ட அண்ணாவுக்கு நன்றி. அந்தத் தொகை சுவர்க் கணக்கில் சேராது, தனி. ராணுவத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மூவர் சேர்ந்து அனுப்பிய 15,000 வந்தது. மதிப்பீட்டுக்கு வந்த பொறியாளருக்கும், சேறு அள்ள இரண்டு ஞாயிறு வந்த இளைஞர் குழுவுக்கும், கூடத்தை வாடகையில்லாமல் விட்ட ஊருக்கும் நன்றி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உண்டியலை உடைத்து 212 ரூபாய் கொண்டுவந்தான். அவனுக்கும் ரசீது போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஓர் அடி உங்கள் பேரில் எடுத்துக்கொள்ளுங்கள், 6,667 ரூபாய். முடியாதவர்கள் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து ஓர் அடி எடுங்கள். அதுவும் முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், 50 ரூபாய்க்கும் ரசீது உண்டு. பணமாகத் தர முடியாதவர்கள் வேலை தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மந்தையிலிருந்து பள்ளிவரை கல் சுமந்து கொடுங்கள். அதையும் பெயரோடு எழுதி வைப்போம். ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று குழு முடிவு செய்திருக்கிறது, தயவுசெய்து அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், அல்லது பள்ளியில் நேரில் கொடுங்கள். கணக்கு எண்ணும் கூகுள் பே அட்டையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. அச்சிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாயும் தராதீர்கள். வரவு செலவு ஒவ்வொரு வெள்ளியும் அதே பலகையில் ஒட்டப்படும்.

ஹப்பாவுக்கு ஊர் வருபவர்கள் எங்களைத் தேடி அலைய வேண்டாம். மந்தையில் மரத்தடியில் மேசை போட்டு, குழுத் தலைவி அக்காவும் நானும் காலை ஏழு மணியிலிருந்து ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். வரும்போது பிள்ளைகளையும் பள்ளி முற்றத்துக்குக் கூட்டி வாருங்கள். உங்கள் கட்டத்துக்கான கல்லை அவர்கள் கையாலேயே வைக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மற்றும் உறுப்பினர்கள், ஊர்ப் பெரியவர்கள்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, கோத்தகிரி வட்டாரம், நீலகிரி