யூரோவிஷன் ரசிகர் மன்றங்களும் கவர் பாடல்களும்: ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகள் தத்தம் பாடலை அனுப்பி ஆண்டுதோறும் ஐரோப்பாவில் மோதும் யூரோவிஷன் பாடல் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாக்கெடுப்பு முறை, மேடை அலங்காரம், ஆண்டுதோறும் எழும் அரசியல் சர்ச்சைகள் ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால், போட்டியைச் சுற்றி இயங்கும் ரசிகர் மன்றங்களை வெறும் ஆரவாரக் கூட்டமாகவும், அந்தப் பாடல்களைப் பிறர் மீண்டும் பாடி வெளியிடும் கவர் பாடல்களை நகல் வேலையாகவும் ஓரிரு வரிகளில் அவர் ஒதுக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து, இங்குள்ள ரசிகர்களோடு நெடுநாளாகப் பழகி வருபவன் என்ற முறையில், அந்தக் கருத்து ஏன் தவறு என்பதை விளக்க விரும்புகிறேன்.

முதலில், இது பாடகர்களுக்கான போட்டியாகத் தொடங்கப்படவில்லை; பாடல்களுக்கான போட்டியாகவே தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 மே 24 அன்று இந்நாட்டின் லுகானோ நகரில் முதல் போட்டியை நடத்தியபோது, ஏழு நாடுகள் ஆளுக்கு இரண்டு பாடல்களை அனுப்பின. அதற்கு முன்மாதிரியாக இருந்தது 1951இல் இத்தாலியில் தொடங்கிய சான்ரெமோ பாடல் விழா. அந்த விழாவில் 1950களிலும் 1960களிலும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரே பாடலை இரண்டு வெவ்வேறு பாடகர்கள் தத்தம் பாணியில் பாடுவது வழக்கமாக இருந்தது. 1958இல் அங்கே வென்று யூரோவிஷனுக்குச் சென்ற "நெல் ப்ளூ, தீபிந்தோ தி ப்ளூ" என்ற பாடலை, உலகம் "வோலாரே" என்று அறிந்த அதே பாடலை, தொமெனிக்கோ மொதுன்யோவும் பாடினார், ஜானி தொரெல்லியும் பாடினார். பிரிட்டனிலோ 1968இல் கிளிஃப் ரிச்சர்ட் ஒருவரே ஆறு பாடல்களையும் பாடிக் காட்ட, அவற்றுள் எதை அனுப்புவது என்பதை மட்டும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாடலைப் பல குரல்களில் கேட்பதும், ஒரு குரலில் பல பாடல்களைக் கேட்பதும், குரலின் கவர்ச்சியிலிருந்து பாடலைப் பிரித்து எடைபோடும் வழிகள். போட்டியின் வேரிலேயே இருந்த இந்தப் பழக்கத்தைத்தான் இன்று கவர் பாடகர்கள், யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே, தொடர்ந்து வருகிறார்கள்.

அதன் பயனை வரலாற்றில் காணலாம். 1958இல் நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் நடந்த போட்டியில் முதலிடம் பெற்றது பிரான்சின் ஆந்த்ரே கிளாவோ பாடிய பாடல். மொதுன்யோவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் சிறந்த இசைத்தட்டுக்கான விருதையும் சிறந்த பாடலுக்கான விருதையும் மொதுன்யோவின் பாடலே பெற்றது. அமெரிக்கப் பாடகர் டீன் மார்ட்டினும் அதைப் பாடினார். முப்பது ஆண்டுகள் கழித்து ஜிப்சி கிங்ஸ் குழுவினர் கிதார்களின் அதிரடியோடு அதைப் பாடி, பாடல் பிறந்தபோது உலகத்திலேயே இல்லாத ஒரு தலைமுறையிடம் கொண்டு சேர்த்தார்கள். 1967இல் வியன்னாவில் லக்ஸம்பர்க் நாட்டுக்காக விக்கி லியாந்த்ரோஸ் பாடிய "லாமூர் எ ப்ளூ" நான்காம் இடத்தோடு நின்றது. ஆந்த்ரே போப் அமைத்த அந்த மெட்டைப் பால் மோரியாவின் இசைக்குழு குரலே இல்லாமல் வாசித்து வெளியிட்டது. அது 1968இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இன்று அந்த மெட்டை முணுமுணுப்பவர்களில் பலருக்கு அது ஒரு போட்டிப் பாடல் என்பதே தெரியாது. நடுவர்கள் ஓர் இரவில் அளித்த தீர்ப்பைப் பிறருடைய வாசிப்பும் குரலும் திருத்தி எழுதிய இந்த நிகழ்வுகளை நகல் வேலை என்று எப்படிச் சொல்வது?

நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவினர் திரைப்பாடல்களைப் பாடும்போது, அதை நகல் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பாடகர் பல்லவியை எங்கே இழுத்தார், சரணத்தில் எங்கே தம் குரலைக் காட்டினார் என்று கூட்டம் கூர்ந்து கேட்கிறது. கவர் பாடலைக் கேட்கும் ஐரோப்பிய ரசிகரின் செவியும் அதே செவிதான்.

இன்றைய போட்டியில் இந்தக் கூர்மையான செவிக்கு வேலை இன்னும் கூடுதலாக இருக்கிறது. 1998க்குப் பிறகு யூரோவிஷன் மேடையில் நேரடி இசைக்குழு கிடையாது. பதிவுசெய்த பின்னணி இசையின் மீதுதான் பாடுகிறார்கள். மூன்று நிமிடங்களுக்குள் பாடல் முடிந்தாக வேண்டும். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. இந்த எல்லைக்குள் கவனத்தை ஈர்க்க வேண்டியிருப்பதால் ஒளித்திரை, தீப்பிழம்பு, நடனம் ஆகியவை பாடலை மூடிவிடும் அளவுக்குப் பெருகிவிட்டன. மார்ச் மாத நடுப்பகுதிக்குள் எல்லா நாடுகளின் பாடல்களும் வெளியாகிவிடுகின்றன. அதிலிருந்து மே மாதப் போட்டி வரை ரசிகர்களும் சிறு குழுக்களும் ஒரு கிதாரோடோ பியானோவோடோ அவற்றைப் பாடிப் பார்க்கிறார்கள். 2012இல் பாகு நகரில் ஸ்வீடனின் லொரீன் பாடி வென்ற "யூஃபோரியா" நடன அரங்குக்கென அமைந்த பாடல். அதைப் பியானோ மட்டும் துணையிருக்க மெதுவாகப் பாடக் கேட்டவர்களுக்கு, அதற்குள் இருக்கும் மெட்டு எவ்வளவு உறுதியானது என்பது புரியும். அலங்காரத்தைக் களைந்த பிறகு நிற்காமல் விழுந்துவிடும் பாடல்களும் இருக்கின்றன. அதையும் கவர் பாடலே காட்டிக்கொடுக்கிறது.

இனி ரசிகர் மன்றங்களைப் பற்றி. ரசிகர் மன்றம் என்றதும் நம் வாசகர்களுக்கு நடிகர்களின் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரலாம். யூரோவிஷன் மன்றங்கள் எந்தத் தனி மனிதருக்கும் உரியவை அல்ல. ஒரு போட்டியின் எல்லாப் பாடல்களையும், கடைசி இடத்தில் வந்த பாடல் உட்பட, தமக்குரியவையாக ஏற்றுக்கொண்டவை. 1984இல் பின்லாந்தின் சவோன்லின்னா நகரில் தொடங்கப்பட்ட ஓ.ஜி.ஏ.ஈ. என்ற ரசிகர் மன்றக் கூட்டமைப்புக்கு இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் இருக்கின்றன, போட்டியில் பங்கேற்காத நாடுகளில் வாழும் ரசிகர்களுக்கென ஒரு பொதுக் கிளையும் உண்டு. இவை இலாப நோக்கமற்றவை. உறுப்பினர்களின் சந்தாவாலும் தன்னார்வ உழைப்பாலும் நடப்பவை.

அந்த மன்றங்கள் செய்துவரும் வேலைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது, 1987 முதல் நடந்துவரும் இரண்டாம் வாய்ப்புப் போட்டி. ஒவ்வொரு நாடும் யூரோவிஷனுக்குத் தன் பாடலைத் தேர்ந்தெடுக்க உள்நாட்டில் ஒரு தேர்வை நடத்தும்போது, ஒன்று வெல்ல மற்றவை தோற்கின்றன. அப்படித் தோற்ற பாடல்களிலிருந்து ஒன்றை ஒவ்வொரு மன்றமும் தெரிவுசெய்து அனுப்புகிறது. மற்ற நாட்டு மன்றங்கள் அவற்றைக் கேட்டுப் புள்ளி இடுகின்றன. தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை, பரிசுப் பணம் இல்லை. எல்லை தாண்டி ஒருபோதும் கேட்கப்பட்டிருக்காத ஒரு பாடல், வேறு மொழி பேசும் மனிதர்களால் கவனத்தோடு கேட்கப்படுகிறது என்பதே அதன் முழுப் பயன். இதைவிட நேர்மையான இரசனையை நான் கண்டதில்லை. போட்டிக்கு முன்பு மன்றங்கள் தமக்குள் ஒரு வாக்கெடுப்பும் நடத்துகின்றன. 2012இல் மன்றங்கள் தேர்ந்த லொரீனையே ஐரோப்பாவும் தேர்ந்தது. 2017இல் மன்றங்கள் இத்தாலியின் பிரான்செஸ்கோ கப்பானியை முதலிடத்தில் வைக்க, கீவ் நகரில் வென்றதோ போர்ச்சுகலின் சால்வதோர் சொப்ரால். கப்பானி ஆறாம் இடத்துக்குப் போனார். ரசிகர்கள் காற்றடிக்கும் திசையில் கைதட்டுபவர்கள் என்று எண்ணுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

போட்டியின் நினைவைக் காப்பதிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1956, 1964 ஆகிய இரு ஆண்டுப் போட்டிகளின் முழுக் காணொளிப் பதிவு கிடைக்கவில்லை. ஒலிப்பதிவும் சில காட்சித் துணுக்குகளுமே எஞ்சியிருக்கின்றன. ஒலிபரப்பு நிறுவனங்கள் பொழுதுபோக்கு நிகழ்ச்சியைப் பாதுகாத்து வைக்கத் தகுந்த ஒன்றாகக் கருதாத காலம் அது. நாடுகள் நடத்திய உள்நாட்டுத் தேர்வுகளின் நிலை இன்னும் மோசம். யார் எழுதினார்கள், யார் மெட்டமைத்தார்கள், எந்த வரிசையில் பாடினார்கள் என்ற விவரங்களை மன்றங்களின் அச்சிட்ட இதழ்களும் உறுப்பினர்களின் ஒலிநாடாச் சேகரிப்புகளும்தான் சிதறாமல் காத்தன. 2020 வசந்த காலத்தில், ஊரடங்கால் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, ரசிகர்கள் சனிக்கிழமை இரவுகளில் ஒரே நேரத்தில் ஒரு பழைய போட்டியை முழுதாகப் பார்த்துப் புதிதாக வாக்களிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமே அவர்களோடு கைகோர்த்து அந்தப் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் திறந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய பாடல்களை இருபது வயது இளைஞர்கள் கேட்டது அப்படித்தான்.

அந்த 2020ஆம் ஆண்டு என் வாதத்துக்குப் பெரிய சான்று. போட்டி வரலாற்றிலேயே முதன்முறையாக நடக்கவில்லை. ரோட்டர்டாம் அரங்கில் பாட வேண்டிய 41 பாடல்கள் மேடை காணாமலேயே நின்றன. போட்டி இல்லை, புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. எஞ்சியது என்ன? கலைஞர்கள் தங்கள் வீடுகளிலிருந்து, தம் பாடலோடு முந்தைய ஆண்டுகளின் யூரோவிஷன் பாடல் ஒன்றையும் பாடி, வாரந்தோறும் வெளியிட்டார்கள். ஐஸ்லாந்தின் தாடி ஃப்ரேயர் அந்த ஆண்டுக்கு எழுதிய பாடலுக்குக் குடும்பங்கள் தத்தம் கூடத்தில் ஆடியும் பாடியும் பதிவிட்ட காணொளிகள், அது கேளாமல் போகவிருந்த தூரங்களுக்கெல்லாம் அதைக் கொண்டு சென்றன. மே 16 அன்று, இறுதிச் சுற்று நடந்திருக்க வேண்டிய அந்த இரவில், ஹில்வர்சத்திலிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சியின் நிறைவில், அந்த ஆண்டுக் கலைஞர்கள் அனைவரும் ஆளுக்கொரு வரியாக, 1997இல் பிரிட்டனுக்கு வெற்றி தந்த "லவ் ஷைன் எ லைட்" பாடலைப் பாடினார்கள். அயர்லாந்தின் ஜானி லோகன் தாம் 1980இல் வென்ற பாடலைப் பாடியபோது, பல நாட்டு ரசிகர்கள் தங்கள் வீடுகளிலிருந்தபடியே அவரோடு சேர்ந்து பாடினார்கள். போட்டி எனும் சட்டகம் கழன்றுபோன ஆண்டில் யூரோவிஷனை யூரோவிஷனாக நிறுத்தி வைத்தவை ரசிகர்களும் கவர் பாடல்களுமே.

அமைப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2019இல் டெல் அவீவ் மேடையில் முன்னாள் போட்டியாளர்கள் ஒருவர் பாடலை ஒருவர் மாற்றிப் பாடினார்கள். 2023இல் லிவர்பூல் இறுதிச் சுற்றில் ஆறு முன்னாள் கலைஞர்கள் அந்த நகரத்தோடு தொடர்புடைய பாடல்களைத் தத்தம் பாணியில் பாடினார்கள். 2025இல் பாசல் நகரின் செயின்ட் யாகோப்ஸ்ஹாலே அரங்கில், முதல் அரையிறுதியன்று, செலின் டியோன் 1988இல் சுவிட்சர்லாந்துக்கு ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்று தந்த பாடலை, முந்தைய ஆண்டில் போட்டியிட்ட நான்கு நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து பாடினார்கள். கனடாவில் பிறந்தவர் இந்நாட்டுக்காகப் பாடிய பாடல் அது. அதன் மெட்டை அமைத்த அதில்லா ஷெரெஃப்துக் துருக்கியில் பிறந்தவர், வரிகளை எழுதிய நெல்லா மார்த்தினெத்தி இந்நாட்டவர். புலம்பெயர்ந்து வாழும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பாடலின் வரலாறு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுரையாளர் எழுப்பக்கூடிய ஒரு நியாயமான கேள்வியையும் நான் தவிர்க்க விரும்பவில்லை. கவர் பாடலில் மெட்டமைத்தவருக்கும் எழுதியவருக்கும் உரிய உரிமை பாதுகாக்கப்பட வேண்டும். அவர்கள் பெயரே குறிப்பிடாமல் பிறர் பாடலைத் தமதுபோல் வெளியிடுவதை நானும் கண்டிக்கிறேன். பாடல் மீதான உரிமை ஒன்று, அதன் ஒலிப்பதிவு மீதான உரிமை வேறொன்று. பாடலைப் புதிதாகப் பாடுபவர் முதலாவதற்கு மதிப்பளித்தால் போதும், பதிவை எடுத்துப் பயன்படுத்துபவர் இரண்டுக்கும் அனுமதி பெற வேண்டும். இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான மன்றங்கள் தம் உறுப்பினர்களுக்குத் தெளிவாகவே சொல்லித் தருகின்றன. பாடலாசிரியரின் பெயரை அறிந்திருப்பதில் யூரோவிஷன் இரசிகருக்கு இருக்கும் அக்கறை, பொதுவாகப் பாடல் கேட்கும் பலரிடம் இல்லை என்பதையும் நான் அனுபவத்தில் சொல்ல முடியும்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதம் போட்டி முடிவுகளை வெளியிடும்போது, வென்ற பாடகரின் படத்தோடு நின்றுவிடாமல், அந்தப் பாடலை எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களையும் அச்சிடுங்கள். அதன் பிறகு நடக்கும் இரண்டாம் வாய்ப்புப் போட்டியின் முடிவுக்கும் சில வரிகள் ஒதுக்குங்கள். 2023 முதல் போட்டியில் பங்கேற்காத நாடுகளின் மக்களும் இணையவழியில் வாக்களிக்க முடிகிறது என்பதால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள தங்கள் வாசகர்களுக்கும் இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. போட்டிக்கு முந்தைய வாரங்களில் பாடல்களை அறிமுகப்படுத்தும் பகுதி ஒன்றைத் தாங்கள் தொடங்குவதாக இருந்தால், பாடல்களின் பின்னணியைத் தமிழில் எழுதித் தர நானும், இங்கு வாழும் தமிழ் நண்பர்கள் சிலரும் ஊதியம் எதிர்பாராமல் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
பாசல், சுவிட்சர்லாந்து.