தேய்ந்தது புஷ் மட்டும்தான்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். தாராவியில் மழை விட்டபாடில்லை. நேற்று போனில் நீ அழுததும் எனக்குப் பேச வாயே வரவில்லை, அம்மா வேறு பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தால் உன் செயற்கை முட்டியில் டக் டக்கென்று சத்தம், பக்கவாட்டில் லேசாக ஆட்டம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், உள்ளே உரசலைத் தாங்கும் புஷ் என்ற உறை தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்கிறார். அவ்வளவுதானே? இது அப்பாவுக்குத் தெரிந்த வேலை. குர்லாவில் காலமெல்லாம் லேத்தில் நின்றவன் நான். மெஷினில் சுழலும் தண்டு தேயக்கூடாது என்றுதான் புஷ்ஷே போடுகிறோம், அதனால் புஷ் தேயத்தான் செய்யும்.

உன் காலுக்குள் இருப்பதும் அந்தக் கணக்குதான். தொடை எலும்பின் அடிப்பகுதியைப் புற்றுநோய்க் கட்டியோடும், சுற்றியிருந்த கொஞ்சம் நல்ல சதையோடும் எடுத்துவிட்டு உலோக எலும்பு வைத்தார்கள். அதன் மேல்தண்டு தொடை எலும்பின் குழிக்குள், கீழ்த் தண்டு முட்டிக்குக் கீழுள்ள எலும்புக்குள், இரண்டையும் எலும்போடு சேர்த்து எலும்பு சிமெண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் கீல். கீலைக் கோர்க்கும் ஊசி உரசாமல் இருக்க பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் புஷ். பத்தாம் வகுப்பில் வைத்தது. மாடிப்படி, பஸ், ஓசூர் வேலை என்று இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாய், தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தண்டுகள் இறுக்கமாக இருக்கின்றன என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியென்றால் அவற்றைத் தொடமாட்டார்கள். முட்டியைத் திறந்து, ஊசியை உருவி, புது புஷ் போட்டு மூடுவார்கள். இதற்குக் கீமோ கிடையாது. முடியெல்லாம் கொட்டவைத்த அந்தச் சிவப்பு மருந்து நினைவுக்கு வந்துதான் நீ அழுதாய் என்று அம்மா சொல்கிறாள். அது கட்டிக்கான மருந்து. கட்டி திரும்ப வரவில்லை, நெஞ்சு சிடி ஸ்கேனும் சுத்தம்.

"அன்றைக்கே காலை எடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே" என்றாய். 1970கள் வரை பெரும்பாலும் அதுதான் வழி. கீமோவும் ஸ்கேனும் வந்த பிறகுதான் காலைக் காப்பாற்றுவது வழக்கமாயிற்று. கட்டியை முழுசாக எடுக்க முடிந்தால், காலை எடுத்தாலும் வைத்தாலும் உயிருக்கு ஒரே வாய்ப்புதான் என்று பரேல் டாடா ஆஸ்பத்திரியில் உன் எதிரில்தான் சொன்னார்கள். அப்புறம் "கால் இருக்கட்டும் அப்பா" என்றது நீதான். வாரக்கணக்கில் முட்டி மடங்காமல் பிசியோதெரபியில் பல்லைக் கடித்ததும் நீதான். இப்போது ஒரு புஷ்ஷுக்காக அதைத் தப்பு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எனக்குப் பயம் கிருமிதான். புஷ் தேய்ந்தால் மாற்றலாம். உலோகத்தில் கிருமி ஏறிவிட்டால் சில சமயம் மொத்தத்தையும் கழற்றவேண்டியிருக்கும். கடைவாய்ப் பல் சொத்தை என்றாயே, அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பார்த்துவிடு. வாயிலுள்ள கிருமி ரத்தம் வழியாக முட்டிக்குப் போகலாம். பல் டாக்டரிடம் காலில் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல். நடுவில் காய்ச்சல் வந்தாலோ, முட்டி சிவந்து சூடாக இருந்தாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ, மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதே. உடனே டாக்டரிடம் போ. தொடைச் சதைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை, காலை நீட்டித் தூக்குகிறாயே, அதை விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். வலிக்காத அளவுக்குச் செய்யலாமா என்று கேட்டுத் தொடங்கு. தொடையில் பலம் இருந்தால் சீக்கிரம் எழுந்து நடப்பாய்.

பழைய ஃபைல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆபரேஷன் நோட்ஸில் ஒட்டிய ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், சைஸ், லாட் நம்பர் எல்லாம் உண்டு. வேறு கம்பெனி புஷ் இதில் உட்காராது, அதனால் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், உன் டாக்டரிடம் காட்டு. பரேலிலேயே செய்துகொள்வதென்றால் பெங்களூரிலிருந்து உத்யான் எக்ஸ்பிரஸ், கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடு. தாதரில் இறங்கு, நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா