சித்தப்பாவுக்கு, ஏப்ரல் 4 அன்று

அன்புள்ள சித்தப்பா,

எங்கள் லேபில் யூனியன் வேண்டும் என்று கேட்கும் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சித்தி சொல்லியிருப்பார். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரி சித்தப்பா" என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் பொங்கலன்று நீங்களும் நாலு பேர் நடுவில் வைத்துத்தானே கேட்டீர்கள், "உனக்கெதுக்கு பாப்பா இந்த யூனியன் வம்பு?" என்று.

மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட நாள் இன்று. காலையிலிருந்து நாம் போன மெம்ஃபிஸ் ஞாபகமாகவே இருக்கிறது. அவர் சுடப்பட்ட, இப்போது மியூசியமாக இருக்கும் லொரெய்ன் மோட்டலின் முன்னால் நின்று, 306-ஆம் அறை வாசல் கம்பியில் தொங்கிய மலர்வளையத்தைப் பார்த்ததும், "இங்க செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டீர்கள். சித்தி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிடம் உங்களை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே அந்தக் குப்பை லாரியின் முன்னால் வந்து நின்றோம். சுற்றிலும், 1968-இல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஏந்திய "நான் ஒரு மனிதன்" என்ற அட்டைகள். நீங்கள் என் பக்கம் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னீர்கள். தமிழில்தான், யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில். அதை நான் இங்கே எழுத மாட்டேன். நம் ஊர்க்காரர்கள் படிப்பார்கள், அவர்களில் சிலருக்கு அது புதிதாகவும் இருக்காது. லாரியைப் பற்றி இல்லை, அதில் வேலை செய்கிறவர்களைப் பற்றி என்பதோடு விட்டுவிடுகிறேன். பக்கத்தில் நின்ற கறுப்பினப் பெரியம்மா ஒருவர், நாம் ஏதோ மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம் என்று நினைத்து நம்மைப் பார்த்துத் தலையாட்டினார்.

நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை.

எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர். அந்தத் தொழிலாளர்களில் இரண்டு பேர். 1968 பிப்ரவரி 1, நல்ல மழை. ஒதுங்க இடமில்லாமல் லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓடி, இரண்டு பேரையும் நசுக்கிவிட்டது. மணிக்கூலிக்காரர்கள் என்பதால் விபத்து நஷ்டஈடு கிடையாது. நகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கு 500 டாலரும். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. முழுநேரம் உழைத்தும் அரசு உதவி வாங்கித்தான் குடும்பம் நடத்த முடியும் என்ற நிலையில் இருந்தவர்கள் அதில் பலர்.

"சம்பளத்துல சந்தா பிடிச்சு இவங்க சாப்பிடுவாங்க" என்றீர்களே, என் யூனியனைப் பற்றி. மெம்ஃபிஸ் மேயர் ஹென்றி லோப் அத்தனை வாரம் விடாப்பிடியாக மறுத்ததில் அந்தச் சந்தாப் பிடித்தமும் ஒன்று. சங்கத்தை ஏற்க மாட்டேன், சம்பளத்தில் சந்தா பிடித்துத் தர மாட்டேன் என்றே நின்றார். கிங் சுடப்பட்டுப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான், ஏப்ரல் 16-இல், நகராட்சி இறங்கி வந்தது. சந்தாவுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

காரில் திரும்பும்போது இன்னொன்றும் சொன்னீர்கள்: காந்தி வழி என்றால் சரி, இவர்கள் கடைக் கண்ணாடியை உடைத்தார்களே என்று. மார்ச் 28 ஊர்வலத்தில் உடைந்தது உண்மை. அதே நாளில் லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றதும் உண்மை. அந்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகக் கிங்கை மெம்ஃபிஸுக்கு அழைத்த பாதிரியார் ஜேம்ஸ் லாசன் காந்தி வழியை எங்கே படித்தார் தெரியுமா? நாக்பூரில். கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது மறுத்துச் சிறைக்குப் போனவர், அப்புறம் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். பஸ்ஸில் நிறம் பார்த்து உட்கார வைப்பதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பின் செய்தியை அங்கே பத்திரிகையில்தான் முதலில் பார்த்தார். காந்தி ஏதோ நம் வீட்டுச் சொத்து மாதிரி நீங்கள் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. என் காலேஜ் ஃபீஸ் நீங்கள் கட்டியது. பனியில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். ராத்திரியில் ஓட்டல் பாத்திரம் கழுவிப் படித்தவர் நீங்கள், அதை ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் "நான் யாரையும் எதிர்பார்க்காம வந்தேன்" என்று மட்டும் அடிக்கடி சொல்வீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1946 சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு இருந்த ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். அதை மாற்றிய குடியேற்றச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3. கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெருவில் அடிவாங்கியவர்கள் இனத்தை வைத்து ஆளைத் தரம் பிரிப்பதே வெட்கக்கேடு என்று நாட்டை ஒப்புக்கொள்ள வைக்காமல் இருந்திருந்தால், 72-இல் உங்கள் கையில் அந்த விசா வந்திருக்குமா? இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்றால், நீங்கள் வந்ததால்தான் நானும் வந்தேன்.

சித்தியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் வராததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்று லேபில் ஆள் இல்லை, லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. சரி, கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது. வந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்கும், உங்கள் நண்பர்கள் முன்னால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அதை நீங்கள் தாங்கியிருப்பீர்கள், சித்தி தாங்கியிருக்க மாட்டார். அவரிடம் நானே பேசுகிறேன்.

வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் எனக்கும் உண்டு. எங்கள் மேலதிகாரிகள் நடத்தும் "விளக்கக் கூட்டம்" பற்றி இங்கே அதிகம் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எழுதவில்லை. யூனியன் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு அடுத்த மாதம். ஜெயித்தாலும் தோற்றாலும் முதல் போன் உங்களுக்குத்தான். திட்டுவதென்றால் அப்போது திட்டுங்கள், குடும்ப வாட்ஸப் குழுவில் வேண்டாம்.

உங்கள்
பாப்பா